வணிகச் சட்டத்தின் ஊற்றுகள்

ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் ஒரு மளிகைக் கடைக்காரர் அரிசியைக் கடனாகத் தருகிறார். வாங்குபவர் சம்பள நாளன்று பணம் தருவதாக வாக்களிக்கிறார். முத்திரைத் தாளும் இல்லை, சாட்சியும் இல்லை. எனினும், அங்கே சட்டம் ஏற்கும் ஓர் ஒப்பந்தம் பிறந்துவிடுகின்றது. விற்றல், வாங்கல், கடன், கூட்டு வாணிகம் ஆகியவற்றில் ஈடுபடுவோரின் உரிமைகளையும் கடமைகளையும் வரையறுப்பதே வணிகச் சட்டமாகும்.

மலேசியாவில் இச்சட்டத்திற்கு மூன்று ஊற்றுகள் சிறப்பானவை. முதலாவது, எழுதப்பட்ட சட்டம். 1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவை ஐக்கிய மலாய் மாநிலங்களாக இணைந்தன. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைத் தழுவி, 1899இல் இம்மாநிலங்களில் ஒப்பந்தச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இன்றுள்ள 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் அவ்வழி வந்ததே. 1957ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலும் இந்தியச் சாயலைக் காணலாம்.

இரண்டாவது, ஆங்கிலச் சட்டம். எழுதப்பட்ட சட்டம் வாய் திறவாத இடங்களில், 1956ஆம் ஆண்டின் குடியியல் சட்டத்தின் 5ஆம் பிரிவு ஆங்கில வணிகச் சட்டத்தைத் துணைக்கு அழைக்கின்றது. எனினும், பேராக் போன்ற மாநிலங்களில் 1956 ஏப்ரல் 7ஆம் நாள் இங்கிலாந்தில் நிலவிய சட்டமே கொள்ளப்படும்.

மூன்றாவது, நீதிமன்றத் தீர்ப்புகள். ஒரு மூதாட்டி தம் சொத்தை மகளுக்கு அளித்தார். தம் உடன்பிறந்தார்க்கு ஆண்டுதோறும் பணம் தரவேண்டும் என்றும் பணித்தார். மகளும் அதற்கு இசைந்து, பின்னர் மறுத்தாள். பணம் பெறவேண்டியவர் கைம்மாறாக எதுவும் தரவில்லை என்பதே அவள் வாதம். கைம்மாறு மற்றொருவரிடமிருந்து வந்தாலும் வாக்குறுதி செல்லும் என 1881இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலேசியச் சட்ட மாணவர்கள் இன்றும் இத்தீர்ப்பைப் பயில்கின்றனர்.

இம்மூன்று ஊற்றுகளையும் அறிந்தால் மட்டும் போதாது. ஒரே பொருளை ஒரே கருத்தில் இருவரும் ஏற்பதே இசைவு என்று ஒப்பந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகின்றது. 1899ஆம் ஆண்டிலேயே ஏட்டில் ஏறிவிட்ட கோட்பாடு இது. ஆயினும், தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி அனுப்பும் முறை 1910 வரை நீடித்தது. படிக்கத் தெரியாத தாளில் பெருவிரல் ரேகை வைத்தவர் அவருள் பலர். ஒப்பந்தத்தை மீறிய கூலியைச் சிறையிலிடத் தனித் தொழிலாளர் சட்டங்களும் இருந்தன. தாளின் பொருளை ஒருவர் அறிந்தார், மற்றவர் அறிந்திலர் எனின், அங்கே இசைவு ஏது?

சட்டம் காக்கும், ஆனால், அதனை அறிந்தவனையே விரைந்து காக்கும். அன்று ரேகை வைத்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று தவணைக் கொள்முதல் தாள்களிலும் வீட்டுக் கடன் பத்திரங்களிலும் கையொப்பமிடுகின்றனர். கையொப்பமிடுமுன் படித்துப் பொருளுணரும் பழக்கத்தை வளர்ப்பதும் கல்வியின் கடமையேயாம்.