வால் முளைத்த வினைச்சொற்கள்

நண்பர் ஒருவர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தார. நல்ல வேலை, ஒழுங்கான சம்பளம், வில்லங்கம் இல்லாத மனை. எல்லாம் சரியாக இருந்தும் வங்கி கையை விரித்துவிட்டது. காரணம், பல வருடங்களுக்கு முன்னால் அவர் கட்டாமல் விட்ட ஒரு கிரெடிட் கார்டு பாக்கி. கடன் அறிக்கையில் அந்தக் கணக்குக்கு எதிரே 'ரிட்டன் ஆஃப்' என்று போட்டிருந்தது. மனிதர் அதை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, 'அப்பாடா, தொலைஞ்சுது சனியன்' என்று நிம்மதியாக வேறு இருந்திருக்கிறார்!

"ஏன் சார், ஆஃப்னா முடிஞ்சு போச்சுன்னுதானே அர்த்தம்? ஃபேனை ஆஃப் பண்ணினா நிக்குதுல்ல?"

நியாயமான கேள்வி. நான் பி.காம். படித்தவன் என்பதால் என்னிடம் கேட்டார். வங்கி ஒரு கடனை 'ரைட் ஆஃப்' செய்கிறது என்றால், தன் புத்தகத்தில் அதை 'இனி வராது' என்று நஷ்டத்தில் எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். வாங்கியவர் கட்டவேண்டிய பொறுப்பு அப்படியே இருக்கும். கடனையே மன்னித்து விட்டுவிடுவதற்கு 'வெய்வ்' என்று வேறு வார்த்தை இருக்கிறது. தமிழில் இரண்டையுமே 'தள்ளுபடி' என்று எழுதிவிடுகிறோம். அப்புறம் டீக்கடையில் மண்டை உடைகிறது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்த வால் விவகாரம் பழக்கமானது. பேலன்ஸை 'கேரி டவுன்' செய்வோம். நஷ்டத்தை அடுத்த வருடத்துக்கு 'கேரி ஃபார்வர்ட்' செய்வோம். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'வைண்ட் அப்'. பழைய சுவர்க் கடிகாரத்தை வைண்ட் அப் செய்தால் அது ஓட ஆரம்பிக்கும். ஒரு கம்பெனியை வைண்ட் அப் செய்தால்? இழுத்து மூடிவிட்டார்கள் என்று அர்த்தம்! 1848-ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் இந்தப் பெயரிலேயே ஒரு சட்டம் போட்டது. நம் கம்பெனிச் சட்டத்திலும் அதே வார்த்தைதான்.

கிவ், டேக், புட், கெட் மாதிரி ஒரு குட்டி வினைச்சொல். அதன் பின்னால் அப், அவுட், ஆஃப் என்று ஒரு வால். இரண்டும் சேர்ந்தால் மூன்றாவதாக ஓர் அர்த்தம். இலக்கணத்தில் இதற்குப் பெயர் 'ஃப்ரேசல் வெர்ப்'. இந்தப் பெயரை 1925-ல் லோகன் பியர்சல் ஸ்மித் என்பவர் தன் புத்தகத்தில் அச்சேற்றினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லிக் கொடுத்த பெயர் இது என்று நேர்மையாக ஒப்புக்கொண்டும் இருக்கிறார். பெயர்தான் புதுசு. சமாசாரம் மிகப் பழையது.

எவ்வளவு பழையது? வாருங்கள், 12-ம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போவோம்.

1066-ல் நார்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்த வில்லியம், இங்கிலாந்தைப் பிடித்துவிட்டார். அதோடு அரசவை, பிரபுக்களின் மாளிகை என்று மேல்தட்டு முழுக்க பிரெஞ்சு வந்து உட்கார்ந்துகொண்டது. கோயிலுக்கும் படிப்புக்கும் லத்தீன். இங்கிலீஷ்? அது மாடு மேய்ப்பவனும் அடுப்பு ஊதுகிறவளும் பேசுகிற பாஷை. இங்கிலீஷில் நாட்டு நடப்பை எழுதிவைக்கிற பழைய வழக்கமும் ஒவ்வொரு மடமாக நின்றுபோனது. கடைசிவரை தாக்குப்பிடித்தது பீட்டர்பரோ மடம் ஒன்றுதான்.

அங்கே 1154-ஐ ஒட்டி, பெயர் தெரியாத ஒரு துறவி உட்கார்ந்து மன்னர் ஸ்டீஃபனின் காலத்தை எழுதுகிறார். சோகமான காலம். உள்நாட்டுப் போர், பஞ்சம், ஆளுக்கொரு கோட்டை கட்டிக்கொண்டு அட்டகாசம். 1139-ல் மன்னர், சாலிஸ்பரி பிஷப் ரோஜரையும் அவருடைய ஆட்களையும் பிடித்துச் சிறையில் போட்டார். பிஷப்புகளிடம் ஏகப்பட்ட கோட்டைகள் இருந்ததுதான் காரணம். டிவைசஸ் கோட்டை வாசலில் நடந்தது சினிமா காட்சி மாதிரி இருக்கும். மன்னரின் சான்சலராகவே இருந்த இன்னொரு ரோஜரை அங்கே கொண்டுவந்து நிறுத்தி, 'கதவைத் திறக்கிறீர்களா, இவனைத் தூக்கில் போடட்டுமா?' என்று மிரட்டினார்கள். கோட்டையின் உள்கட்டு அந்த ரோஜருடைய தாயின் வசம் இருந்தது. பெற்ற மனம். திறந்துவிட்டாள்.

பிஷப்புகள் கோட்டைகளை ஒப்படைத்ததைத் துறவி எழுதவேண்டும். 'சரண்டர்' என்கிற வார்த்தை பிரெஞ்சுக்காரர்களுடையது. இங்கிலீஷ் எழுத்துக்குள் அது நுழைய இன்னும் காலம் இருந்தது. துறவி தன் ஊர்க்காரர்கள் பேசுகிற மாதிரி எழுதினார்: 'கிவ் அப்'. எழுத்துக்கூட்டல்தான் வேறு. ஆங்கில எழுத்தில் நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய கிவ் அப்களில் இது ஒன்று.

அதற்கு முந்தைய பழைய இங்கிலீஷில் இந்த அப்பும் அவுட்டும் பெரும்பாலும் வினைச்சொல்லுக்கு முன்னால் தலை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பின்னால் வாலாகிவிட்டன. இந்த மாற்றத்தில் வைக்கிங்குகளுக்கும் பங்கு உண்டு என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். 9-ம் நூற்றாண்டில் படையெடுத்து வந்த டேனிஷ்காரர்கள் குடியேறிய பகுதியில்தான் பீட்டர்பரோவும் இருந்தது. அவர்கள் பாஷையிலும் வால் பின்னால்தான்.

ஆக, ஒரே காரியத்துக்கு இங்கிலீஷில் இரண்டு செட் வார்த்தைகள் சேர்ந்துவிட்டன. நெருப்பை அணைக்க 'எக்ஸ்டிங்விஷ்' என்பது லத்தீன் வழி வந்த படித்தவர் வார்த்தை. 'புட் அவுட்' வீட்டு வார்த்தை. 'டாலரேட்' என்றால் ஆபீஸ். 'புட் அப் வித்' என்றால் மாமியார். நமக்கு இங்கிலீஷ் எந்த வாசல் வழியாக வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கோர்ட், கச்சேரி, சர்க்கார் ஃபைல், பாடப்புத்தகம். அதனால் வெள்ளைக்காரக் குழந்தைக்குக் கஷ்டமான 'போஸ்ட்போன்' நமக்கு அல்வா. அதே குழந்தை மூன்று வயதில் அநாயாசமாகப் பேசுகிற புட் ஆஃப், புட் ஆன், புட் அவே நம்மைத் திணறடிக்கிறது!

வெட்கப்பட வேண்டாம். டாக்டர் ஜான்சனே இதைச் சொல்லியிருக்கிறார். 1755-ல் வந்த தன் அகராதியின் முன்னுரையில், அந்நியர்களுக்கு மிகப் பெரிய கஷ்டம் கொடுக்கும் சமாசாரம் இதுதான் என்று சொல்லி, இவற்றை மிகுந்த கவனத்தோடு குறித்திருப்பதாகவும் எழுதினார்.

(நாம் மட்டும் லேசுப்பட்டவர்களா? 'கேட்டுப் பார்' என்றால் எதைப் பார்ப்பது? 'எழுதித் தள்ளினான்' என்றால் எதைத் தள்ளினான்? தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரர் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.)

ஜான்சனின் எச்சரிக்கையைத் தாண்டி ஒருவர் துணிந்து இறங்கினார். கேம்பிரிட்ஜில் படித்த சி.கே. ஆக்டன். 1930-ல் 'பேசிக் இங்கிலீஷ்' என்று ஒன்றை வெளியிட்டார். உலகத்துக்கே பொது மொழி, மொத்தம் 850 வார்த்தைகள், அதில் வினைச்சொற்கள் வெறும் 18! கேட்கிறவர்களுக்கு வாயில் எச்சில் ஊறாதா? 1943-ல் சர்ச்சில், ஹார்வர்டுக்கே போய் இதைப் புகழ்ந்து பேசினார். ரூஸ்வெல்ட் சும்மா இருக்கவில்லை. ரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வை தருகிறேன் என்று நீங்கள் முழங்கியதை, பேசிக் இங்கிலீஷில் ரத்தம், வேலை, கண்-தண்ணீர், முகத்-தண்ணீர் என்றல்லவா சொல்லியிருக்கவேண்டும் என்று சர்ச்சிலைக் கிண்டல் செய்தார்.

18 வினைச்சொற்களை வைத்துக்கொண்டு ஆக்டன் எப்படிச் சமாளித்தார்? வால்களை வைத்துத்தான். சரண்டர் வேண்டாம், கிவ் அப் போதும். எக்ஸ்டிங்விஷ் வேண்டாம், புட் அவுட் போதும். கணக்கில் புட் ஒன்று, அவுட் ஒன்று. இரண்டும் சேர்ந்து பெற்றுப்போட்ட புது அர்த்தம் கணக்கிலேயே வராது. ஐந்தொகையில் கடனை மறைத்துக் காட்டுகிற வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டாக்காவில் பல வருடம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்து, வங்காளப் பிள்ளைகள் இங்கிலீஷோடு படும் பாட்டை நேரில் பார்த்தவர் மைக்கேல் வெஸ்ட். அவர் சிலரோடு சேர்ந்து 1934-ல் இந்தக் கணக்கைத் தணிக்கை செய்து, கற்கவேண்டிய சுமை 850-ஐ விடப் பல மடங்கு என்று போட்டு உடைத்தார். போருக்குப் பிறகு பேசிக் இங்கிலீஷ் மெல்ல மெல்ல ஓய்ந்துபோனது.

நம் நண்பர் கதை? பாக்கியை வட்டியோடு தவணையில் கட்டினார். கடைசித் தவணை முடிந்த அன்று ராத்திரி போன் செய்தார்.

"சார், மொத்தத்தையும் பே ஆஃப் பண்ணிட்டேன். இந்த ஆஃபாவது ஆஃப்தானே?"

'ஆமாம்' என்றேன். வங்கியிடம் அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.