வெறுங்குழாய்

தீபாவளிக்கு மறுநாள் காலை தெருவைப் பெருக்கினால் குவியலாகச் சேர்வது காகிதம்தான். மருந்து முந்தின நாளே புகையாகிப் போயிருக்கும். எரிந்து முடிந்த குழாய் ஒன்றை எடுத்துப் பிரித்தால், மேல் தாளுக்கு உள்ளே பழைய செய்தித்தாளோ, யாரோ எழுதிய நோட்டுப் பக்கமோ இருக்கும். சின்ன வயதில் அதை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அதைச் சுருட்டியது யார் என்று கேட்டவர்கள் குறைவு.

அமெரிக்காவில் வாணவெடி செய்வதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்கள் உண்டு. 1969இல் அவர்களுக்கென ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. வியாபாரம் இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு மட்டும் செய்கிறவருக்கு, அந்த நாட்டின் கூட்டரசுச் சட்டப்படி உற்பத்தி உரிமம் தேவையில்லை. சேமித்து வைக்கவும் கொண்டுபோகவும் தனி விதிகள் உண்டு, மாநில விதிகள் வேறு. இந்த ஆர்வலர்களுக்குள் ஓயாத ஒரு விவாதம், குழாயை வாங்குவதா, கையால் உருட்டுவதா என்பது. வாங்கினால் எல்லாம் ஒரே அளவில், ஒரே கனத்தில் இருக்கும், நேரமும் மிச்சம். உருட்டினால் வேண்டிய அளவில் கிடைக்கும், செலவு குறைவு, அதில் ஒரு கைச்சுகமும் இருக்கிறது. கடைக் குழாயிலும் இரண்டு வகை. பட்டையான தாளைச் சாய்வாகச் சுற்றி ஒட்டியது ஒன்று. அகலத் தாளைப் பாய் சுருட்டுவதுபோல நேராகச் சுருட்டியது இன்னொன்று. முன்னது மலிவு, பின்னது உறுதி.

கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் குழாயை யார் உருட்டுவது என்ற கேள்விக்குப் பின்னால் நீளமான ஒரு வரலாறு இருக்கிறது. அது சிவகாசி வரை வருகிறது.

முதலில், ஏன் காகிதம்? வெடிமருந்தைத் திறந்த வெளியில் குவித்துக் கொளுத்தினால் ‘புஸ்’ஸென்று எரிந்து போகும். சத்தம் வேண்டுமென்றால் அதை அடைத்து வைக்க வேண்டும். அடைப்பது உறுதியாகவும் இருக்க வேண்டும், உடையும்போது ஆளைக் கிழிக்கவும் கூடாது. சீனர்கள் ஆரம்பத்தில் பச்சை மூங்கிலை நெருப்பில் போட்டார்கள். கணுக்களுக்கு நடுவே அடைபட்ட காற்றும் நீராவியும் மூங்கிலைப் படாரென்று பிளந்தன. மருந்து வந்த பிறகு மூங்கிலின் இடத்தைக் காகிதக் குழாய் பிடித்துக்கொண்டது. பெயர் மட்டும் மாறவில்லை. சீன மொழியில் பட்டாசுக்கு இன்றும் ‘பாவ்ஜூ’, அதாவது வெடிக்கும் மூங்கில் என்றுதான் பெயர். நம்மூரில் பனையோலையை முக்கோணமாக மடித்துச் செய்த ஓலைவெடியும் இதே கதைதான். கையருகில் எது கிடைத்ததோ, அதுதான் உறை.

ஐரோப்பாவில் ரொம்பக் காலம் உறையும் மருந்தும் ஒரே கையில் இருந்தன. 1634இல் லண்டனில் ஜான் பேட் என்பவர் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் நீர்ப்பொறிகள், ஓவியம் போன்றவற்றோடு வாணவேடிக்கைக்கும் ஒரு பகுதி உண்டு. அந்தக் கால முறையில் மர உருளையில் காகிதத்தை இறுகச் சுற்றிப் பசை தடவி, ஈரம் காய்வதற்குள் ஒரு முனையைக் கயிறு போட்டு நெரிப்பார்கள். இதெல்லாம் வாணக்காரனே செய்துகொள்ள வேண்டிய வேலை. குழாய் சரியில்லை என்றால் வாணம் மேலே போகாது, கையிலேயே வெடிக்கும். அதனால் உருட்டுவதை எடுபிடி வேலையாக யாரும் நினைக்கவில்லை. தொழிலின் பாதி அதுதான்.

பிறகு சட்டம் வந்தது. 1697இல் இங்கிலாந்தில் வாணம் செய்வதையும் விற்பதையும் தெருவில் வீசுவதையும் தடுத்து ஒரு சட்டம் போட்டார்கள். பேச்சளவில் இருந்ததே தவிர, பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 1875ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் அப்படி இல்லை. உரிமம் பெற்ற இடத்துக்கு வெளியே வாணவெடி செய்யக் கூடாது என்று கறாராகச் சொன்னது. அதை ஒட்டித்தான் 1884இல் இந்தியாவுக்கும் ஒரு வெடிபொருள் சட்டம் வந்தது. இன்றும் அமலில் இருப்பது அதுதான். உரிமம் இல்லாமல் இங்கே பட்டாசு செய்ய முடியாது, பொழுதுபோக்குக்கும்கூட.

இந்தச் சட்டங்கள் தேவையானவைதான். ஆனால் அவை கண்காணித்தது மருந்தை. மருந்து போடாத குழாய் வெடிபொருள் இல்லை, வெறும் காகிதம். அதை எங்கே வேண்டுமானாலும் வைத்து உருட்டலாம். கூடத்தில், திண்ணையில், அடுப்புக்குப் பக்கத்தில். அதுவரை ஒரே கையில் இருந்த தொழில் இங்கே இரண்டாகப் பிரிந்தது. மருந்து வேலிக்குள்ளே போனது, காகிதம் வீட்டுக்கு வந்தது.

தீப்பெட்டித் தொழிலிலும் இதுவே நடந்தது. 1888இல் லண்டனில் தீக்குச்சி ஆலைப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தம் புகழ்பெற்றது. பாஸ்பரஸ் தாடை எலும்பை அரித்த கொடுமையை ஊரே பேசியது. அதே லண்டனின் கிழக்குப் பகுதியில், வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிய பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, இரண்டேகால் பென்னி கூலி. பசை அவர்கள் செலவு. அவர்கள் எந்த ஆலை வாசலிலும் கூட்டமாக நிற்கவில்லை, அதனால் வேலைநிறுத்தமும் செய்ய முடியவில்லை.

சிவகாசிக்கு வருவோம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பட்டாசு அதைத் தொடர்ந்து வந்தது. மழை பொய்க்கும் கரிசல் பூமி. விவசாயத்துக்கு அது சாபம், ஒட்டின காகிதம் காய்வதற்கு வரம். மருந்து கலக்கும் ஆலைகளுக்கு உரிமமும் இடைவெளி விட்ட தனித்தனி அறைகளும் கட்டாயம். குழாய் சுருட்ட ஒரு கம்பி, கொஞ்சம் பசை, வெட்டிய தாள்கட்டு போதும். சுற்றுவட்டார கிராமங்களில் அம்மா உருட்ட, பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து உருட்டினார்கள். கூலி எண்ணிக்கைக் கணக்கு.

1983இல் ஸ்மிது கோத்தாரி சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய கட்டுரை நாட்டின் கவனத்தை இந்தப் பக்கம் திருப்பியது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசு உற்பத்தியில் 14 வயதுக்குட்பட்டவர்களை அது தடை செய்தது. கூடவே ஒரு விலக்கும் கொடுத்தது. குடும்பத்தார் உதவியோடு ஒருவர் நடத்தும் பட்டறைக்குத் தடை பொருந்தாது. வீட்டுக் கூடத்துக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோதும் கோடு அதே இடத்தில்தான் விழுந்தது. உற்பத்தியில் குழந்தைகள் கூடாது, ஆனால் உற்பத்தி நடக்கும் இடத்திலிருந்து தள்ளிவைத்து, பொதியும் வேலையில் ஈடுபடுத்தலாம் என்றது. மருந்துதான் ஆபத்து, காகிதம் பரவாயில்லை என்கிற கணக்கு. ஆறு வருஷம் கழித்து, 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு இன்னும் கொஞ்சம் தூரம் போனது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும். அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் தர வேண்டும். குழந்தை ஏன் குழாய் உருட்டுகிறது என்பதற்குக் காரணம் வீட்டின் வறுமை என்று ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது. 2016இல் சட்டத்தைத் திருத்தியபோது 14 வயதுக்குக் கீழே எல்லா வேலைக்கும் தடை வந்தது. அப்போதும் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற சந்து மிச்சமிருந்தது.

மருந்து வெடித்தால் செய்தி வரும், விசாரணை வரும். முதுகு வலிக்கும் விரல் காய்ப்புக்கும் முதல் தகவல் அறிக்கை கிடையாது. பாதியில் நின்ற ஐந்தாம் வகுப்புக்கும்தான்.

இப்போது பழைய கேள்விக்குத் திரும்பலாம். வாங்குவதா, உருட்டுவதா? ‘நேரம் மிச்சம்’ என்பதுதானே வாங்குவதற்குச் சொல்லும் முதல் காரணம். அந்த நேரம் எங்கும் காணாமல் போவதில்லை. கையால் உருட்டிய குழாயை வாங்கினால், அதை வேறொருவர் செலவழித்திருக்கிறார்.

மருந்தெல்லாம் வேண்டாம், அது சட்ட விரோதம், ஆபத்தும்கூட. நேற்றைய பேப்பரைக் கிழித்து, பென்சிலில் சுற்றி, பசை தடவி ஒரே ஒரு வெறுங்குழாய் உருட்டிப் பாருங்கள். முதலாவது கோணலாக வரும். நாலாவது, அஞ்சாவது நேராக வந்துவிடும். அப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குரோஸ் முடிய இன்னும் 139 இருக்கிறது.