ஹென்றியெட்டா தெரு: ஒரு வீதியின் இரு வரலாறுகள்

வீதியின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதனை அமைத்தவர் பெயரில் தொடங்கி, அங்கு வாழ்ந்த பெரியோர் பட்டியலோடு முடித்துவிடுவது வழக்கம். அவ்வழக்கம் எத்துணைக் குறையுடையது என்பதை அயர்லாந்தின் தலைநகராம் டப்ளினிலுள்ள ஹென்றியெட்டா தெரு நமக்கு உணர்த்துகிறது.

லிஃபி ஆற்றின் வடபால் 1720-களில் இத்தெருவை அமைத்தவர் லூக் கார்டினர். ஜார்ஜ் என்னும் பெயர்கொண்ட மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட காலத்தில் வளர்ந்தமையால் இக்கட்டட முறை 'ஜார்ஜியன்' எனப் பெயர் பெற்றது. சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகள், வெளியே எளிமை, உள்ளேயோ உயர்ந்த கூடங்கள், அகன்ற மாடிப்படிகள், சுதை வேலைப்பாடு மிக்க விதானங்கள். பேராயரும் பிரபுக்களும் இங்கே குடியேறினர். அயர்லாந்து நாடாளுமன்ற மாளிகையை வடிவமைத்த எட்வர்ட் லவெட் பியர்ஸ், இத்தெருவிலும் வீடு வடிவமைத்தார்.

1801-இல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டது. டப்ளின் நாடாளுமன்றம் மறைந்தது. அதிகாரம் லண்டனுக்குச் செல்லவே, பிரபுக்களும் அதன்பின் சென்றனர். வீதியின் செல்வாக்கு தேய்ந்தது. 1877-இல் 14-ஆம் எண் மாளிகை தடுக்கப்பட்டு ஒண்டுக்குடித்தன வீடாயிற்று. ஒரு குடும்பத்திற்கெனக் கட்டிய அவ்வில்லத்தில் 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி 100 பேர் வாழ்ந்தனர். தெரு முழுவதிலும் 15 வீடுகளில் 835 பேர்! விருந்தினர் நடனமாடிய கூடத்திலேயே ஏழைத்தாய் சமைத்தாள், துவைத்தாள், பிள்ளைகளை உறங்க வைத்தாள்.

இந்நிலை இத்தெருவுக்கு மட்டும் உரியதன்று. 1913 செப்டம்பர் 2-ஆம் நாள் அந்நகரின் சர்ச் தெருவில் இத்தகைய வீடுகள் இடிந்து வீழ்ந்து எழுவர் மாண்டனர். அதன்பின்னரே அரசு விசாரணை நடத்தியது. எனினும் 14-ஆம் எண் வீட்டின் கடைசிக் குடித்தனக்காரர் வெளியேறியது 1970-களின் பிற்பகுதியில்தான்.

2018-இல் அவ்வீடு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சீரமைத்தோர் பிரபுவின் விதானத்தை மட்டும் காத்து, ஏழைகளின் சுவடுகளைத் துடைத்துவிடவில்லை. பொதுநடையில் பூசிய சிவப்பும் நீலமும் இன்றும் அச்சுவர்களில் உள்ளன. இதுவே நேர்மையான வரலாறு என்போம்.

மாற்றலாகி வந்து, மாற்றலாகிப் போகும் அரசு ஊழியராகிய நமக்கு இது எளிதில் விளங்கும். குடியிருப்புக்குள் நுழைந்ததும், முன்னிருந்தோர் அடித்துவிட்டுப் போன ஆணியில்தான் நம் நாட்காட்டியை மாட்டுகிறோம். அவர் பெயரை எவரும் கல்லில் பொறிக்கவில்லை. ஆயினும் அவரும் அங்கே வாழ்ந்தவரே. கட்டியவரோடு குடியிருந்தவரையும் சேர்த்து எழுதும்போதுதான் வீதியின் வரலாறு முழுமை பெறுகிறது.