பிரித்தானிய உணவுப் பங்கீடும் கள்ளச்சந்தையும் (1940–1954)

இரண்டாம் உலகப் போரின்போது, 1940 சனவரி 8 அன்று பிரித்தானியாவில் உணவுப் பங்கீடு தொடங்கியது. வெண்ணெய், சர்க்கரை, உப்பிட்ட பன்றியிறைச்சி ஆகியன முதலில் பங்கீட்டுக்குள் வந்தன. செல்வருக்கும் ஏழைக்கும் ஒரே அளவு கிடைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

துறைமுகங்கள், தொடர்வண்டிகள், கிடங்குகள் ஆகியவற்றில் திருடப்பட்ட உணவுப்பொருள்கள் கள்ளச்சந்தைக்குச் சென்றன. 'ஸ்பிவ்' எனப்பட்ட தெரு விற்பனையாளர்கள் தட்டுப்பாடான பொருள்களைக் கூடுதல் விலைக்கு விற்றனர். சில கடைக்காரர்கள் தெரிந்த வாடிக்கையாளர்களுக்கு மட்டும் மறைவாகக் கொடுத்தனர். திருடுவதைக் குற்றமாகக் கருதிய பலரும், இப்படி வாங்குவதை அவ்வாறு எண்ணவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குக் கூடுதலாகச் சென்றது, பொதுப் பங்கிலிருந்து குறைந்ததே.

1942இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. எனினும் போருக்குப் பின்னரும் தட்டுப்பாடு நீடித்தது. 1946இல் ரொட்டிக்கும் பங்கீடு வந்தது. 1954 சூலை 4 அன்று இறைச்சிக் கட்டுப்பாடு நீங்கியதுடன் உணவுப் பங்கீடு முடிவுற்றது. கள்ளச்சந்தைக்கான தேவையும் அதனுடன் மறைந்தது.