பார்க்: வேலியில் பிறந்த சொல்

‘பார்க்’ என்ற சொல்லை ஆங்கிலேயர் முதன்முதலில் வழங்கியபோது அதில் பூவும் இல்லை, புல்வெளியும் இல்லை. இருந்தது வேலி. நாம் இன்று குழந்தைகளை ஊஞ்சலாட அழைத்துப் போகும் இடத்துக்கு வைத்திருக்கும் பெயர், ஒரு காலத்தில் ஊராரை வெளியே நிறுத்தப் பிறந்த பெயர். அந்தச் சொல் பொருள் மாறிய கதையை நேரில் பார்க்க வேண்டுமானால் லண்டனுக்குத் தென்கிழக்கே, கென்ட் மாவட்டத்தில் உள்ள செவனோக்ஸ் என்னும் சிறு நகரம் நல்ல இடம். சொல்லின் ஒவ்வொரு பருவத்துக்கும் அந்த ஊரைச் சுற்றி ஒரு சாட்சி நிற்கிறது.

முதலில் வேரைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் ‘பியரோக்’ என்றொரு சொல் இருந்தது. வேலி என்றும், வேலியடைத்த நிலம் என்றும் பொருள். ஜெர்மானிய மொழிக் குடும்பத்துக்கு உரிய இந்த வேர் இடைக்கால லத்தீனில் ‘பாரிக்கஸ்’ ஆயிற்று. பிரெஞ்சில் ‘பார்க்’ என்று சுருங்கியது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு பேசிய ஆளும் வர்க்கத்தின் வாய்வழியே அது ஆங்கிலத்தில் ஏறியது. உள்நாட்டு வடிவமும் அழிந்துவிடவில்லை. ‘பாரக்’ என்று திரிந்து, பின்னர் ‘பேடக்’ ஆகி, குதிரைகளை விடும் சிறிய அடைப்புக்குப் பெயராக இன்றும் வழங்குகிறது. கிண்டிக் குதிரைப் பந்தயத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது. பார்க்கும் பேடக்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்: ஒன்று அரண்மனையில் வளர்ந்தது, மற்றது தொழுவத்தில் நின்றுவிட்டது.

பார்க்கின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சொல் ‘பாரஸ்ட்’. இதை நாம் காடு என்கிறோம். நார்மன் இங்கிலாந்தில் அது ஒரு சட்ட எல்லையின் பெயர். அரசனின் வேட்டைச் சட்டம் செல்லும் நிலம் முழுவதும் பாரஸ்ட்தான். அதற்குள் மரமில்லாத புதர்வெளியும் இருக்கலாம், குடியிருக்கும் ஊர்களும் இருக்கலாம். பாரஸ்டுக்கு வேலி கிடையாது. பார்க்குக்கு வேலிதான் இலக்கணம். முன்னது அரசனுடையது, பின்னது பிரபுவோ ஆயரோ மடாலயமோ தன் நிலத்தை அடைத்து மான் வளர்த்த இடம்.

அந்த வேலி சாதாரண வேலி அன்று. மண்ணை அள்ளி நீண்ட கரை எழுப்புவார்கள். கரையின் உட்புறமாக அகழி வெட்டுவார்கள். கரைமேல் பிளந்த ஓக் கழிகளை நெருக்கமாக நடுவார்கள். அகழி உள்ளே இருப்பதால் உள்ளிருக்கும் மானுக்கு வேலி எட்டாத உயரம். சில இடங்களில் இன்னொரு தந்திரமும் உண்டு. வேலியின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, உட்பக்கம் பள்ளம் வைத்துவிடுவார்கள். வெளியே திரியும் மான் தாண்டிக் குதித்து உள்ளே வந்துவிடலாம்; திரும்பிப் போக முடியாது. ‘மான் தாண்டி’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. அரசனின் பாரஸ்டை ஒட்டி இப்படி ஒன்று அமைத்தால் அரசனின் மான் பிரபுவின் மானாகிவிடும் என்பதால், அதற்குத் தனி அனுமதி தேவைப்பட்டது.

அடைத்து வளர்த்தவை பெரும்பாலும் ஃபேலோ மான்கள். புள்ளிகள் தெளித்த உடலும் உள்ளங்கைபோல் விரிந்த கொம்பும் கொண்ட இவை, நார்மன்கள் காலத்தில் மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்து பரவியவை. மான் இறைச்சி அந்தக் காலத்தில் காசுக்கு வாங்கும் பண்டமாகக் கருதப்படவில்லை. பெரிய மனிதர் விருந்தில் வைப்பது, வேண்டியவருக்குப் பரிசாக அனுப்புவது. ஆகவே பார்க் வைத்திருப்பது பசிக்காக அல்ல, பெருமைக்காக. 1086-இல் தொகுத்த டூம்ஸ்டே நிலப் பதிவேட்டில் சுமார் முப்பத்தைந்து பார்க்குகளே காணப்படுகின்றன. 1300-ஐ ஒட்டி இங்கிலாந்தில் 3,000-க்கும் மேல் இருந்திருக்கும் என்று காடுகளின் வரலாற்றாசிரியர் ஆலிவர் ராக்கம் கணக்கிட்டார். ‘பார்க்கர்’ என்ற ஆங்கிலக் குடும்பப் பெயர் அப்போது பிறந்ததுதான். பார்க்கைக் காவல் காத்தவன் பார்க்கர்.

செவனோக்ஸ் ஊரின் பெயருக்கு ஏழு ஓக் மரங்கள் என்பது பொருள். உயர்தெருவிலிருந்து சில நிமிட நடையில் நோல் பார்க் தொடங்குகிறது. கான்டர்பரிப் பேராயர் தாமஸ் போர்ஷியர் 1456-இல் இந்த நிலத்தை வாங்கி, மாளிகை எழுப்பி, மானுக்காக நிலத்தை அடைத்தார். எட்டாம் ஹென்றிக்கு இடம் பிடித்துப்போயிற்று. 1538-இல் அன்றைய பேராயர் கிரான்மர் அதை அரசனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் சாக்வில் குடும்பத்தின் கைக்குப் போனது. வர்ஜீனியா உல்ஃப் 1928-இல் வெளியிட்ட ‘ஆர்லாண்டோ’ நாவலுக்கு அடியெடுத்துக் கொடுத்தது இந்த மாளிகையும் இதில் பிறந்த விட்டா சாக்வில்-வெஸ்டும்தான். 1946-இல் மாளிகை, பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்டின் பொறுப்புக்கு வந்தது. சுமார் 1,000 ஏக்கர் பரப்பில் ஃபேலோ மான்களும் ஜப்பானியச் சிக்கா மான்களும் இன்றும் மேய்கின்றன. கென்டின் மற்ற இடைக்கால மான் பார்க்குகள் பெரும்பாலும் உழுநிலமாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட, சொல்லின் முதற்பொருள் உயிரோடு நிற்பது இங்கேதான்.

பொருள் முதலில் நெகிழ்ந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். வேட்டை மோகம் குறைந்து, மாளிகைச் சன்னலிலிருந்து பார்க்கும் காட்சி முக்கியமாயிற்று. ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்று பெயர் பெற்ற லான்சலாட் பிரவுன் போன்ற நில வடிவமைப்பாளர்கள் ஏரி தோண்டி, மரக்கூட்டம் நட்டு, புல்வெளியை மாளிகை வாசல்வரை கொண்டுவந்தார்கள். கண்ணை உறுத்திய வேலியைப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தடையே தெரியாது. அருகில் போனால்தான் பள்ளமும் அதன் மறுபக்கச் சுவரும் தெரியும். இந்த அமைப்புக்கு ‘ஹா-ஹா’ என்று பெயர். பார்க் என்றால் அழகு என்ற பொருள் இந்தக் காலத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளே நுழையும் உரிமை மட்டும் பழையபடியே இருந்தது.

அந்த உரிமை ஊராருக்கு வழக்காலும் சண்டையாலும் வந்தது. அரசர் முதலாம் சார்லஸ் லண்டனை அடுத்த ரிச்மண்டில் சுவர் எழுப்பி மான் பார்க் அமைத்தபோது மக்களின் பழைய நடைவழிகளை விட்டுவைத்திருந்தார். பின்னர் பார்க்கின் பொறுப்புக்கு வந்த இளவரசி அமீலியா வாசல்களை அடைத்தார். ஜான் லூயிஸ் என்ற மதுவடிப்பவர் நீதிமன்றத்துக்குப் போனார். 1758-இல் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. சுவரைத் தாண்டிச் செல்ல ஏணிப்படிகள் வைக்கப்பட்டன. அரச குடும்பத்துக்கு எதிராக ஒரு வணிகர் வென்ற வழக்கு அது.

செவனோக்ஸுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. நோல் பார்க்கின் குறுக்கே குதிரையோடு போகும் பழைய வழி ஒன்று இருந்தது. 1880-களில் அன்றைய உரிமையாளர் மார்ட்டிமர் சாக்வில் பிரபு அதில் கம்பங்களை நட்டு அடைத்தார். நகரத்தார் பொறுத்துப் பார்த்தார்கள். 1884 ஜூன் மாதத்து ஓர் இரவில் பெருங்கூட்டமாகத் திரண்டு கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போய், பிரபுவின் மாளிகை வாசலிலேயே போட்டார்கள். பார்க் என்பது அடைக்கும் உரிமை என்று பிரபு நினைத்தார். கடக்கும் உரிமையும் அதில் சேர்ந்துவிட்டது என்று ஊர் நினைத்தது. ஒரே சொல்லின் இரண்டு பொருள்கள் அன்று நேருக்கு நேர் மோதின.

ஊரின் எண்ணத்துக்குப் பின்னால் அரை நூற்றாண்டு மாற்றம் இருந்தது. தொழிற்சாலை நகரங்களில் மூச்சுவிட இடமில்லை என்று 1833-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று பொது நடைவெளிகளைப் பற்றி அறிக்கை தந்தது. டெர்பியில் 1840-இல் ஜோசப் ஸ்ட்ரட் என்ற ஆலை முதலாளி தம் நிலத்தை மரத்தோட்டமாக்கி நகரத்துக்கு அளித்தார். 1847-இல் திறந்த பர்க்கன்ஹெட் பார்க் பொதுப்பணத்தில் அமைந்தது. ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்தார். அதைப் பார்த்துவிட்டுப் போன அமெரிக்கர் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட்தான் பின்னர் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை உருவாக்கியவர்களில் ஒருவர். 1857-இல் ஹாலிஃபாக்ஸில் திறந்ததற்கு ‘மக்கள் பார்க்’ என்றே பெயரிட்டார்கள். பார்க் என்றாலே பிரபுவின் நிலம் என்ற நினைவு மங்காத காலம். அதனால் ‘மக்கள்’ என்ற அடைமொழி தேவைப்பட்டது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தப் பெயர் சென்னைக்கு வந்துவிட்டது. கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் 1859-இல் தொடங்கியது பீப்பிள்ஸ் பார்க். மூர் மார்க்கெட்டும் ரிப்பன் மாளிகையும் எழுந்தது அந்த நிலத்தில்தான். அங்கிருந்த மிருகக்காட்சி சாலையைச் சென்னைவாசிகள் ‘உயிர் காலேஜ்’ என்றார்கள். பார்க் மறைந்துவிட்டது, பார்க் டவுன் என்ற பெயரும் பார்க் ரயில் நிலையமும் மிஞ்சின.

செவனோக்ஸைச் சுற்றியுள்ள எல்லாப் பசுமைக்கும் பார்க் என்று பெயர் இல்லை. மேற்கே மணற்கல் மேட்டில் உள்ள டாய்ஸ் ஹில் பழைய பொதுமேய்ச்சல் நிலம். ‘காமன்’ என்று அதைச் சொல்வார்கள். நிலம் ஒருவருடையது, ஆடுமாடு மேய்க்கவும் விறகு வெட்டவும் உரிமை ஊராருடையது. காமன் என்பது பார்க்குக்கு நேர் எதிர்ச்சொல். ஏழைகளின் வீட்டு வசதிக்காக உழைத்த ஆக்டேவியா ஹில், இப்பக்கத்துக் கிராக்கம் ஹில்லில் வாழ்ந்தார். 1895-இல் நேஷனல் டிரஸ்டைத் தொடங்கிய மூவரில் அவர் ஒருவர். டாய்ஸ் ஹில்லில் கிணற்றோடு கூடிய ஒரு துண்டு நிலத்தை 1898-இல் அந்த அமைப்புக்கே கொடுத்தார். 1912-இல் இறந்த அவருடைய கல்லறையும் கிராக்கம் ஹில் தேவாலய வளாகத்தில்தான் இருக்கிறது.

ஊருக்கு வடக்கே டாரன்ட் ஆற்றங்கரையில் லல்லிங்ஸ்டோன் இருக்கிறது. அதுவும் இடைக்கால மான் பார்க். பல நூற்றாண்டு கண்ட ஓக், ஹார்ன்பீம் மரங்கள் பருத்து, பொந்து விழுந்து நிற்கின்றன. 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் 1968-இல் ‘கன்ட்ரி பார்க்’ என்ற கிராமப்புறப் பூங்காக்களுக்கும் சட்டம் வந்தது. லல்லிங்ஸ்டோன் இன்று கன்ட்ரி பார்க். பெயரில் பார்க் என்ற சொல் அப்படியே நிற்கிறது, பொருள் தலைகீழாகிவிட்டது. இங்கிலாந்தின் தேசியப் பூங்காவுக்கோ வேலியே இல்லை. அதற்குள் ஊர்களும் பண்ணைகளும் உண்டு. அந்த வகையில் அது பழைய பார்க்கைவிடப் பழைய பாரஸ்டைத்தான் ஒத்திருக்கிறது.

பழைய பொருளிலிருந்து கிளைத்த இன்னொரு சொல்லைச் சொல்லாமல் விட முடியாது. படை நடத்துபவர்கள் பீரங்கிகளையும் வண்டிகளையும் ஓரிடத்தில் அடைத்து நிறுத்துவதைப் பார்க் என்றார்கள். அதிலிருந்து ‘பார்க் செய்தல்’ என்ற வினை பிறந்தது. மோட்டார் வண்டி வந்ததும் ‘கார் பார்க்’ ஆயிற்று. நம் ஊர் ‘பார்க்கிங்’ பேராயரின் மான் அடைப்புக்குத் தூரத்து உறவு.

செவனோக்ஸ் என்ற பெயருக்கு உரிய மரங்களின் கதி வேறு. 1902-இல் ஏழாம் எட்வர்ட் முடிசூட்டின் நினைவாக, வைன் என்னும் கிரிக்கெட் மைதானத்தருகே ஏழு ஓக்குகளை நட்டார்கள். 1987 அக்டோபர் 16 விடியற்காலைப் புயலில் ஆறு விழுந்தன. அதே புயலில் நோல் பார்க் தன் மரங்களில் பெரும்பகுதியை இழந்தது. டாய்ஸ் ஹில் காடும் சரிந்தது. அங்கே ஒரு பகுதியை எவர் கையும் படாமல் விட்டுவைத்தார்கள். காடு தானே முளைத்து எழுந்தது. அந்த வைன் மைதானம் 1773-இல் டார்செட் கோமகன் ஊருக்குக் கொடுத்தது. கேட்டால் கிரிக்கெட் சங்கம் நகரசபைக்கு ஆண்டுக்கு இரண்டு மிளகு வாடகை தர வேண்டும். கேட்டால் நகரசபை சாக்வில் பிரபுவுக்கு ஒரு கிரிக்கெட் பந்து தர வேண்டும்.

இனி நம் சொல். பூங்கா என்பதில் பூ முன்னால் நிற்க, ‘கா’ பின்னால் நிற்கிறது. கா என்றால் சோலை. அதுவே காத்தல் என்ற பொருளும் தரும். காக்கப்பட்ட சோலையே கா எனப்பட்டது என்று இரண்டையும் இணைக்கும் சொல்லாராய்ச்சியாளர் உண்டு. கோட்டையைச் சூழ்ந்த காவற்காட்டை மிளை என்றும், அரசன் காத்த மரத்தைக் கடிமரம் என்றும் சங்க காலத்தார் சொன்னார்கள். கடி என்றால் காவல். ஆக, மரங்களைக் காவலோடு சேர்த்து எண்ணும் பழக்கம் நமக்கும் புதிதன்று. வேட்டைக்கென ஒதுக்கியிருந்த கிண்டி நிலம் 1978-இல் தேசியப் பூங்கா ஆனதும் அதே பாதையில் நடந்த மாற்றம்தான்.

லண்டனுக்குப் போகிறவர்கள் ஹைட் பார்க்கோடு நிறுத்திக்கொள்ளாமல் அரை நாளைச் செவனோக்ஸுக்கு ஒதுக்கலாம். சேரிங் கிராஸ் நிலையத்திலிருந்து நேர் ரயில் உண்டு. நோல் பார்க்குக்குள் நடந்து போகக் கட்டணம் கிடையாது. மானுக்கு மட்டும் தீனி கொடுக்காதீர்கள். பார்க் என்ற சொல்லின் இன்றைய பொருள் பிரபுக்கள் மனமுவந்து தந்தது மட்டுமன்று. மதுவடிப்பவர் ஒருவர் வழக்காடியும் நகரத்தார் கம்பம் பிடுங்கியும் பெற்றது அதில் பாதி. எந்த ஊரிலும் ஒரு பொதுப் பூங்காவின் வாசலில் காரணமின்றிப் பூட்டு விழுந்தால், அந்தச் சொல் தன் பழைய பொருளுக்குத் திரும்புகிறது என்று அறிந்து ஊரார் கேள்வி கேட்க வேண்டும்.