ஏசி இல்லாத வெற்றுக் கட்டடத்துக்கும் மின்சிக்கனக் கணக்கு உண்டு

வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணம் நம் குடும்பங்களில் பெரும்பாலும் கட்டடமாகவே மாறுகிறது. விருத்தாசலம் போன்ற ஊர்களில் கீழே நான்கு கடை, மேலே ஒரு ஹால் என்று எழுப்புகிறோம். சுவர், தளம், ஷட்டர் முடிந்ததும், "மீதியை வாடகைக்கு வருபவர் பார்த்துக்கொள்வார்" என்று நிறுத்திவிடுகிறோம். ஏசி இல்லாத, உள்வேலை முடியாத கட்டடத்துக்கு மின்சிக்கன விதி எதுவும் பொருந்தாது என்றும் எண்ணுகிறோம். அது சரியல்ல.

விதி என்ன சொல்கிறது?

2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ், கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007இல் வந்தது. 2017இல் திருத்தி விரிவாக்கப்பட்டது. 100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது 120 கேவிஏ ஒப்பந்தத் தேவை கொண்ட வணிகக் கட்டடங்களுக்கானது இது. வெற்றுக் கட்டடத்தையும் இது தனி வகையாகவே எடுத்துக்கொள்கிறது. சுவர், கூரை, ஜன்னல் ஆகியவற்றோடு, உரிமையாளர் பொதுப் பகுதிகளில் பொருத்தும் விளக்கு, மின்சாதனங்களும் விதிக்கு உட்பட வேண்டும். வாடகைதாரர் செய்யும் உள்வேலையும் விதிப்படி அமையும் என்ற உறுதி வாடகை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

வராத ஏசிக்கு எப்படிக் கணக்கு?

பசுமைச் சான்றுக்காகக் கணினியில் மதிப்பிடும்போது, நம் கட்டடத்தை ஒரு மாதிரிக் கட்டடத்தோடு ஒப்பிடுவார்கள். எந்த ஏசி வரும் என்று தெரியாவிட்டால், இரண்டிலும் ஒரே வகை ஏசி இருப்பதாகவே வைத்துக்கொள்வது வழக்கம். எனவே ஏசியைக் காட்டி மதிப்பெண் வாங்க முடியாது. கூரை, சுவர், நிழல், விளக்கு ஆகியவற்றில் நாம் மிச்சப்படுத்துவதே கணக்கில் ஏறும்.

சிறு கட்டடத்துக்கும் பயன்

நம் கடைகளில் பல அந்த 100 கிலோவாட்டை எட்டாது. ஆனால் வெயில் அளவு பார்த்து அடிப்பதில்லை. 2017 விதியின்படி, சரிவு குறைந்த கூரை சூரிய வெப்பத்தில் குறைந்தது 60 சதவீதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். செராமிக் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊரில் இது கடினமல்ல. மொட்டைமாடியில் வெள்ளை டைல்ஸ் பதிக்கலாம். உடைந்த வெள்ளைத் துண்டுகளும் உதவும். கடையில் 'கூல் ரூஃப்' என்று விற்றால், பிரதிபலிப்பு அளவுக்கான பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

குடியிருப்புகளுக்கான 2018 விதி, நம்மைப் போன்ற வெப்ப ஈரப்பதப் பகுதியில் திறக்கக்கூடிய ஜன்னல், கதவுகளின் பரப்பு தரைப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காவது இருக்கச் சொல்கிறது. 120 சதுர அடிக்கு 20 சதுர அடி. மேல்மாடி ஹாலுக்கும் இந்த அளவை மனதில் கொள்ளலாம்.

ஏசியை நாளை மாற்றலாம், விளக்கையும் மாற்றலாம். தளம் போட்ட பின் கூரையையும், சுவர் எழுந்த பின் ஜன்னலின் திசையையும் மாற்றுவது பெரும் செலவு. அங்கே நாம் செய்யும் தவறுக்கு மாதந்தோறும் மின்கட்டணம் கட்டப்போவது வாடகைக்கு வரும் இன்னொரு குடும்பம். ஆகவே வரைபடத்தில் கையெழுத்திடும் முன்பே பொறியாளரிடம் இவற்றைக் கேட்டுவிடுவோம்.