ஸ்டார்ட் ஆகாத வாஷிங் மெஷினும் அதன் 250 வருடக் கதையும்

ஞாயிற்றுக்கிழமை காலை. துணியைப் போட்டு, பவுடரைக் கொட்டி, குழாயைத் திறந்து, பட்டனை அழுத்தினால்... ஒன்றும் நடக்காது. சில மெஷினில் விளக்கு மட்டும் எரியும். சிலதில் "ம்ம்ம்" என்று ஒரு உறுமல் வரும், ஆனால் சுற்றாது. இன்னும் சிலதில் திரையில் ஏதோ இரண்டு எழுத்து மின்னும். எல்லாம் ஒரே பிரச்சினை போலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் வேறு. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கோளாறுகள் எல்லாம் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. வாஷிங் மெஷின் வளர வளர ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. அந்தக் கதை தெரிந்தால் மெக்கானிக் சொல்வதில் பாதி புரிந்துவிடும்.

கைதான் மோட்டார்

ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் நகரில் இருந்த யாக்கோப் கிறிஸ்டியன் ஷேஃபர் என்ற பாதிரியார் 1767-ல் ஒரு துவைக்கும் இயந்திரத்தின் வடிவமைப்பை வெளியிட்டார். 1782-ல் ஹென்றி சிட்ஜியர் என்பவர் சுழலும் டிரம் வைத்த மெஷினுக்கு இங்கிலாந்தில் பேட்டண்ட் வாங்கினார். 1851-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிங் டிரம் மெஷினுக்குப் பேட்டண்ட் பெற்றார். இவை எல்லாமே கையால் இயக்குபவை. அதனால் "ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை. கை ஓய்ந்தால் மெஷின் நிற்கும், அவ்வளவுதான். அந்தக் கை பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கை, அல்லது கூலிக்குத் துவைக்கும் பெண்ணின் கை.

கரண்ட் வந்தது, கோளாறும் வந்தது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெஷினில் மின் மோட்டாரைப் பூட்டினார்கள். சிகாகோவின் ஹர்லி கம்பெனிக்காக ஆல்வா ஃபிஷர் 1910-ல் பேட்டண்ட் வாங்கினார். அந்த மெஷின் 'தோர்' என்ற பெயரில் விற்றது. மின் வாஷிங் மெஷினைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியல்ல. அதற்கு முன்பே, 1904 வாக்கிலேயே, மின் மெஷின்களுக்கு விளம்பரம் வந்திருக்கிறது.

அப்போது அமெரிக்க வீடுகளில் கரண்ட் என்றால் விளக்குக்கு மட்டும்தான். பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில்தான் மெஷினின் வயரைச் சொருகுவார்கள்!

கரண்டே இல்லாத கிராமங்களுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. அயோவா மாநிலத்தின் நியூட்டன் ஊரில் விவசாயக் கருவிகள் செய்துகொண்டிருந்த மேடாக் கம்பெனி 1907-ல் வாஷிங் மெஷின் தயாரிப்பில் இறங்கியது. 1910களின் நடுவில் பெட்ரோல் இன்ஜின் வைத்த மெஷினையும் கொண்டுவந்தது. அந்த இன்ஜின்களைப் பிற்காலத்தில் பைக் போலக் காலால் உதைத்து ஸ்டார்ட் செய்தார்கள். புகை வெளியே போக நீளமாக ஒரு குழாய். 1930களின் நடுவில்கூட அமெரிக்கப் பண்ணை வீடுகளில் சுமார் பத்தில் ஒன்றில்தான் கரண்ட் இருந்தது. கிராம மின்மயச் சட்டம் வந்தது 1936-ல்.

நூறு மெஷின், ஒரே கோளாறு

இந்தக் காலத்துக் கதை ஒன்றை வணிகம் படிப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1911ம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தில் லூயிஸ் அப்டன் என்பவர் வாஷிங் மெஷின் கம்பெனி தொடங்கினார். முதல் பெரிய ஆர்டர் 100 மெஷின். அனுப்பிய பிறகு பிரச்சினை தெரிந்தது. உள்ளே இருந்த வார்ப்பிரும்புப் பல்சக்கரம் தாங்கவில்லை. மோட்டார் நன்றாக இருந்தும் மெஷின் வேலை செய்யவில்லை.

புதுக் கம்பெனி, கையில் பெரிய பணமில்லை. சாக்கு சொல்லித் தப்பித்திருக்கலாம். அப்டன் அப்படிச் செய்யவில்லை. பழுதான ஒவ்வொரு சக்கரத்துக்கும் பதிலாக எஃகில் வெட்டிய சக்கரத்தைப் போட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்த வாடிக்கையாளர் ஆர்டரை 200 ஆக உயர்த்தினார். அந்தச் சின்னக் கம்பெனிதான் பின்னாளில் வேர்ல்பூல் ஆனது. கணக்குப் பாடத்தில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து வருமே, அது எப்படி உருவாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

உறுமும், ஆனால் சுற்றாது

வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபேஸ் மின்சாரம். சாதாரண இன்டக்‌ஷன் மோட்டாரில் ஒரே ஒரு சுருளுக்கு அதைக் கொடுத்தால், காந்தப்புலம் கூடிக் குறையுமே தவிரச் சுழலாது. நின்றிருக்கும் மோட்டார் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் உறுமிக்கொண்டு நிற்கும். கையால் தள்ளிவிட்டால் தள்ளிய பக்கமே ஓடும்!

இதற்குத் தீர்வு இரண்டாவது சுருள். அதில் ஓடும் மின்சாரம் சற்று முன்பின்னாக வந்தால் புலம் சுழலத் தொடங்கிவிடும். சுழலும் காந்தப்புலத்தில் ஓடும் மோட்டாருக்கு நிக்கோலா டெஸ்லா பேட்டண்ட் வாங்கியது 1888-ல். வீட்டு மெஷின்களில் அந்த முன்பின் வித்தியாசத்தை உண்டாக்குவது கெபாசிட்டர். சலவைத் தொட்டி வலப்பக்கம் கொஞ்ச நேரம், இடப்பக்கம் கொஞ்ச நேரம் சுற்றுவதும், டைமர் இந்தக் கெபாசிட்டரை ஒரு சுருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதால்தான்.

செமி ஆட்டோமேட்டிக் மெஷின் உறுமிவிட்டு நின்றால் மெக்கானிக் முதலில் கெபாசிட்டரைப் பார்ப்பது இதனால்தான். (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். தெரியாமல் கை வைக்கக் கூடாது.)

லோ வோல்டேஜும் இதே விளைவைத் தரும். இந்த மோட்டாரின் தொடக்க விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்குப் பதில் 160 வந்தால், வோல்டேஜ் குறைந்தது 30 சதவீதம்தான். ஆனால் விசை பாதிக்கும் கீழே போய்விடும். மாலையில் உறுமிய மெஷின் மறுநாள் அதிகாலையில் ஒழுங்காக ஓடும் மர்மம் இதுதான்.

கதவு மூடினால்தான் ஓடும்

ஈரத் துணியைப் பிழிய முன்பு இரண்டு ரப்பர் உருளைகள் இருந்தன. துணியோடு விரலும் போகும், சில நேரம் கையும் போகும். அதிகம் மாட்டியது குழந்தைகள். 1938-லேயே இந்தக் காயத்தைப் பற்றி மருத்துவ இதழில் தனியாக எழுதும் அளவுக்கு அது சகஜமாக இருந்தது.

1937-ல் வந்த பெண்டிக்ஸ் மெஷின் உருளையை ஒழித்தது. தானே தண்ணீர் நிரப்பி, துவைத்து, அலசி, வேகமாகச் சுற்றிப் பிழிந்தது. அதிர்வைத் தாங்க ஸ்பிரிங் இல்லாததால் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வேகமாகச் சுற்றும் டிரம்மில் கை விட்டால் உருளையைவிட மோசம். எனவே மூடி திறந்திருந்தால் ஓடாத சுவிட்சும், பிறகு பூட்டும் வந்தன.

இன்றைய பல ஃப்ரண்ட் லோடு மெஷின்களில் பூட்டுக்குள் ஒரு சின்ன ஹீட்டர் இருக்கிறது. அது சூடாகி ஓர் உலோகத் தகட்டை வளைத்த பிறகுதான் "க்ளிக்" என்று கதவு பூட்டி, மோட்டாருக்குக் கரண்ட் போகும். அந்த "க்ளிக்" கேட்கவில்லை என்றால் மோட்டாரைச் சந்தேகிக்கத் தேவையில்லை, கதவைப் பார்க்க வேண்டும். நின்ற பிறகு கதவு ஓரிரு நிமிடம் திறக்காததும் அந்தத் தகடு ஆறும் வரைதான்.

தண்ணீர் போதாமல் நிற்பதும் ஆட்டோமேட்டிக் காலத்துக் கோளாறுதான். தொட்டி நிறைந்ததைக் காற்றழுத்தத்தால் அறியும் சுவிட்ச் சம்மதிக்காமல் மெஷின் துவைக்காது. பல மெஷின்களுக்கு 0.3 பார் அழுத்தமாவது வேண்டும். அதாவது தண்ணீர் டேங்க் சுமார் 3 மீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டும். மொட்டை மாடி டேங்க்குக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடி வீடுகளில் மெஷின் தகராறு செய்வது இதனால்தான். போர்வெல் தண்ணீரின் மண் அடைத்த ஃபில்டரும் இதே வேலையைச் செய்யும்.

ஜப்பான் வழியாக இந்தியாவுக்கு

1953-ல் ஜப்பானின் சான்யோ கம்பெனி, இங்கிலாந்தின் ஹூவர் மெஷினை முன்மாதிரியாக வைத்து 28,500 யென் விலையில் ஒரு மெஷின் விட்டது. டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் மூன்றையும் "மூன்று புனிதப் பொருட்கள்" என்றே ஜப்பானியர்கள் அழைத்தார்கள். சுழல்தட்டு வைத்துத் துவைக்கும் அந்த வகையின் வாரிசுகள்தான் 1980களில் இந்திய வீடுகளுக்கு வந்த இரட்டைத் தொட்டி மெஷின்கள்.

1990-ல் மட்சுஷிடா 'ஃபஸ்ஸி லாஜிக்' மெஷினை ஜப்பானில் விற்றது. 1991-ல் நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பேக்கல், பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகத் தொட்டியைச் சுற்றும் மெஷினைக் கொண்டுவந்தது. டைமர் போய் சிப் வந்தது. கோளாறை மெஷினே எழுத்தில் காட்டத் தொடங்கியது.

இனி யார் ரிப்பேர் செய்வது?

எழுத்து வந்ததும் வேலை சுலபமாகியிருக்க வேண்டும். ஆனால் அந்த எழுத்தின் அர்த்தம் கம்பெனி ஆளுக்குத்தான் முழுதாகத் தெரியும். தெரு முனைக் கடையில் கெபாசிட்டர் மாற்றியவர் இப்போது "போர்டு போச்சு சார்" என்கிறார். ஒரு சின்ன பாகத்துக்காக முழு போர்டையும் மாற்ற வேண்டும். அது கிடைக்காவிட்டால் மெஷினையே மாற்ற வேண்டும்.

இதை எதிர்த்துத்தான் ரிப்பேர் உரிமை என்ற கோரிக்கை எழுந்தது. 2021 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மாடல் சந்தையிலிருந்து நின்றாலும் முக்கிய உதிரி பாகங்கள் 10 வருடமாவது கிடைக்க வேண்டும். இந்தியாவில் 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கான இணையதளத்தை அரசு தொடங்கியது.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983-ல் வந்த தன் புத்தகத்தில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். மெஷின்கள் வந்ததால் வீட்டுப் பெண்களின் வேலை குறைந்துவிடவில்லை. வெளியே கொடுத்த துணியும் வீட்டுக்கே திரும்பியது, துவைக்கும் தடவையும் கூடியது. அப்படிக் கூடிய துணிதான் மெஷின் நின்ற அன்று மொத்தமாக வாளிக்கு வருகிறது. 1911-ல் நூறு பல்சக்கரத்தை மாற்றிக் கொடுத்த மனிதருக்குப் புரிந்த விஷயம், "புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லும் இன்றைய கம்பெனிகளுக்கும் புரிந்தால் நல்லது.

அதுவரை, பட்டனை அழுத்தி ஒன்றும் நடக்காவிட்டால் இந்த வரிசையில் பார்க்கலாம்: பிளக், வோல்டேஜ், குழாய், ஃபில்டர், கதவு, "க்ளிக்" சத்தம். போர்டு எப்போதும் கடைசிதான்!